கம்பு தட்டினால் வந்த மீன்கள்

இருப்புக் கொள்ளாமை என்று ஒரு வியாதி உண்டென்றால், அது நம் லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இருக்கிறது. சும்மா சொல்லவில்லை. போன மாதம் திருப்பூரில் நம்மில் ஒருத்தியின் பேத்திக்குக் காதுகுத்து. இந்த வயதில் பேத்தியா என்று கேட்காதீர்கள், அவள் எல்லாவற்றிலும் அவசரக்காரி. நாம் அத்தனை பேரும் வந்திருந்தோம். பந்தியில் உட்கார்ந்து முழுதாகச் சாப்பிட்டவர் யாராவது உண்டா? ஆளாளுக்கு எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தோம். யார் வரப்போகிறார்கள் என்று பார்த்தோமோ, அந்த மாரியாத்தாளுக்குத்தான் வெளிச்சம். நாற்பதைத் தாண்டிவிட்டது, முட்டி வலிக்கிறது, இன்னும் வாசலைப் பார்க்கிறோம்.

இந்தப் பழக்கம் நமக்கு எப்போது ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியும். பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து, ஃபேக்டரி சங்கு நின்றுபோன வருஷம். அதை என் வீட்டுப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் வீட்டில் வேறு மாதிரி நடந்திருந்தால் நீங்கள் தனியாக எழுதிக்கொள்ளுங்கள், சண்டைக்கு வராதீர்கள்.

நீலகிரியில் இத்தலாரைத் தாண்டி, அவலாஞ்சிக்குப் போகிற பக்கத்தில் நம் தோட்டம். வெளியாட்களுக்கு அது எஸ்டேட், நம் லயம் அவர்களுக்குக் கூலிக்காரர்களின் லைன் வீடுகள். காலையில் சங்கு ஊதினால் எழுந்தோம், சாயங்காலம் ஊதினால் அடுப்பைப் பற்றவைத்தோம். சங்கு நின்றதும் முதலில் குழம்பியவை கோழிகள்தான் என்று அப்பா சொல்வார். எனக்குக் குழப்பம் மூக்கில் வந்தது. ராத்திரியும் பகலுமாகக் காற்றில் இருந்த வாசனை, வறுபடுகிற தேயிலையின் அந்த லேசான தித்திப்பும் புகையும், ஒரு நாள் இல்லை. அது இருந்தவரை அப்படி ஒரு வாசனை இருப்பதே எனக்குத் தெரியாது.

அப்பா ஃபேக்டரியில் டிரையர் பார்த்தவர். டிரையர் என்பது இலையைச் சூட்டில் காயவைக்கிற பெரிய தகர மெஷின். கையில் ஒரு கம்பு வைத்திருப்பார். அதால் மெஷினின் பக்கத்துத் தகரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே காற்று சரியாகப் போகிறதா என்று சொல்லிவிடுவார். ஃபேக்டரியைப் பூட்டிய பிறகும் அந்தக் கம்பு அவர் கையை விட்டு இறங்கவில்லை. லயத்து வாசலில் நடப்பார். தண்ணீர்க் குழாயைத் தட்டுவார், கக்கூஸ் கதவைத் தட்டுவார். உள்ளே இருந்தவர்கள் திட்டுவார்கள். அப்பாவுக்குக் காது கேட்டதாகவே தெரியாது.

அம்மா கொழுந்து எடுக்கிறவள். எடுக்க ஆள் இல்லாமல் செடிகள் இடுப்பைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி வளர்ந்தன. கவாத்து வெட்டாமல் விட்டால் தேயிலை ஒரு மரம் என்பதை நாம் அந்த வருஷம்தான் கண்ணால் பார்த்தோம். நமக்கு ஒளிந்து விளையாட வசதியாக இருந்தது. அம்மாவுக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. வெள்ளாமை செய்கிற ஊரிலிருந்து வந்தவள் அவள், மேட்டுப்பாளையத்துப் பக்கம். தலை வாராத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அந்தச் செடிகளைப் பார்ப்பாள்.

அவள் தம்பி, என் தாய்மாமா, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டவர். மாதம் ஒரு முறை பஸ் ஏறி வந்து அதே பேச்சைப் பேசுவார்.

"அக்கா, அங்க ஆள் பத்தமாட்டேங்குது. நீயும் மச்சானும் வந்தீங்கன்னா நாளைக்கே சேத்துப்போடுவேன். இங்க எதைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறீங்க?"

அப்பா கட்டிலுக்கு மேலே பரணைக் காட்டுவார். அங்கே ஒரு தகரப் பெட்டி இருந்தது. பச்சை நிறம், மூடியில் வெள்ளைப் பெயிண்டில் என் தாத்தாவின் பெயரும் ஒரு நம்பரும். சிலோனிலிருந்து கப்பலில் வந்த பெட்டி.

"அந்தப் பெட்டியத் தெரியுதா? எங்கப்பா கண்டியில லயத்த விட்டுட்டுத் தூக்குனாரு. மண்டபத்துல கேம்ப விட்டுட்டுத் தூக்குனாரு. இங்க வந்து எறக்கி வச்சாரு, அதோட போய்ச் சேந்தாரு. நான் அத இன்னொரு தடவ தூக்க மாட்டேன். சொல்லிப்புட்டேன். தேத்தண்ணி குடிச்சிட்டு பஸ்ஸப் புடி."

இவ்வளவுதான் எங்கள் வீட்டுச் சண்டை, அம்மா வாய்விட்டுச் சொல்லாமல் தம்பி பக்கம். ஃபேக்டரி திறந்தால் பெட்டி பரணில் இருக்கும். திறக்காவிட்டால் இறங்கும். அப்பா வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் எதையும் அவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

இனி மீன் கதைக்கு வருகிறேன்.

ஃபேக்டரி மூடுவதற்கு முன் இருந்த பெரிய துரையை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளைக்காரர் இல்லை, குடகுக்காரர். நம் ஊரில் துரை என்பது வேலையின் பெயர். அவருக்கு டிரவுட் மீன் பிடிக்கிற பைத்தியம். ஆற்றின் குறுக்கே சின்னத் தடுப்பு கட்டி ஒரு மடு உண்டாக்கி, அவலாஞ்சி மீன் பண்ணையிலிருந்து பால் கேன்களில் குஞ்சு கொண்டுவந்து விட்டவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அவருக்கு வலையும் பையும் தூக்கிக்கொண்டு போவார். தூண்டிலை மட்டும் துரை அவர் கையில் கொடுத்ததில்லை.

அந்தத் தூண்டிலில் புழு கிடையாது. ஈயம் கிடையாது. நுனியில் இறகால் செய்த ஒரு பூச்சி. அது தண்ணீரில் முங்கக் கூடாது, மிதக்க வேண்டும். முங்கிவிட்டால் துரை அதை எடுத்து வாயால் ஊதிக் காயவைத்து, மெழுகு மாதிரி ஏதோ தடவி மறுபடி வீசுவார். பூச்சிக்குக் கனமே இல்லாததால், தடித்த நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் சுழற்றித்தான் அனுப்ப முடியும். பார்க்கிறவர்களுக்கு மனுஷன் கொசு விரட்டுகிற மாதிரி இருக்கும்.

நிஜப் பூச்சியை நாம் ஆத்து ஈசல் என்போம். துரை சொல்லி அப்பா மேஃப்ளை என்பார். கோடை மழை இரண்டு மூன்று விழுந்து வெயிலும் அடித்துவிட்டால், மே மாதத்தில் ஏதோ ஒரு சாயங்காலம் அவை தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வரும். மேலே வந்ததும் தோலை உரித்துப் போட்டுவிட்டு, இறக்கையை நேராக நிமிர்த்திக்கொண்டு தண்ணீர்மேல் உட்கார்ந்தபடி மிதந்து போகும். வெளிர் மஞ்சள் உடம்பு, வாலில் மூன்று மயிரிழை. ஈசலைவிடப் பெரியது. அந்த ஒரு மணி நேரம் ஆறு கொதிக்கிற மாதிரி மீன்கள் எம்பும். துரைக்கு அந்தச் சாயங்காலம்தான் தீபாவளி.

"அந்தப் பூச்சிக்கு வாயே கெடையாதாம். தொரை சொன்னாரு" என்று அப்பா ஒரு தடவை சொன்னார்.

"நமக்கும் அப்பிடி இருந்தா ரேஷன் மிச்சமுங்க மச்சான்" என்றார் மாமா.

துரை வேலையை விட்டுப் போகும்போது அப்பாவுக்கு ஒரு சின்ன தகர டப்பாவைக் கொடுத்தார். உள்ளே அந்த இறகுப் பூச்சிகள் பன்னிரண்டோ பதினைந்தோ, அந்துருண்டை வாசனையோடு படுத்திருக்கும். நான் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதன் கால்களான இறகு நுனிகள் மட்டும் தோலில் குறுகுறுக்கும். உள்ளே தூண்டில் முள் இருப்பது தெரியாது. இப்போது அந்த டப்பா எங்கே என்று கேட்காதீர்கள். கடைசியில் சொல்கிறேன்.

பெரிய கிளார்க் ஐயாதான் அந்த நாட்களில் ஆபீஸில் மிச்சமிருந்த ஒரே ஆள். சர்ச்சில் பாட்டுப் பாடுகிறவர், ஏப்ரல் வெயிலிலும் மங்கி கேப்பைக் கழற்றாதவர். ஒரு நாள் அவர் லயத்துக்கு நடந்தே வந்தார். அதுவே பெரிய விஷயம். நம் அம்மாக்கள் எல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள்.

"கோயம்புத்தூர்லருந்து ஒருத்தர் தோட்டத்தைப் பாக்க வர்றார். பெரிய மில்லுக்காரர். மே மாசம் வர்றேன்னு போன்ல சொன்னார். முதல்ல என்ன கேட்டார் தெரியுமா? 'உங்க ஆத்துல டிரவுட் இருக்காமே, இன்னும் இருக்கா?'ன்னு கேட்டார்."

கூட்டத்தில் ஒரு சந்தோஷம் பரவியது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. துரையும் மீன் பிடிப்பார், இவரும் மீன் பிடிப்பார், ஆக இவரும் ஒரு துரை. மீன் பிடிக்கிறவன் பொறுமைக்காரன், தோட்டத்தைக் கைவிட மாட்டான் என்று ஒரு பெரியவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். இலை எவ்வளவு வரும் என்று அந்த மனுஷன் கேட்கவில்லை. டிரையர் ஓடுமா என்று கேட்கவில்லை. இப்போது எனக்கு அது பளிச்சென்று தெரிகிறது. அன்று நம் பெரியவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்?

கிளார்க் ஐயா அப்பாவிடம் திரும்பினார். "நீதானப்பா துரைகூடப் போனவன். வர்றவருக்கு மீன் கிடைக்கணும். அது உன் பொறுப்பு. ஃபேக்டரி உன் கையில இருக்குன்னு வச்சுக்கோ."

இப்படியா ஒரு மனுஷனிடம் சொல்வது? அன்றிலிருந்து அப்பா விடிந்ததும் மடுவுக்குப் போவார், மத்தியானம் போவார், சாயங்காலம் போவார். திரும்பி வந்து வாசலில் நடப்பார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கவலையாக வந்து உட்கார்ந்தார்.

"மீனெல்லாம் எளச்சுக் கெடக்கு. தலதான் பெருசாத் தெரியுது. தோட்டம் எளச்சா அதுவும் எளச்சிருமோ என்னமோ."

நம் லயத்தில் கெடா வெட்டு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட கெடா யார் வீட்டு வாசலுக்கு வந்தாலும் ஒரு பிடி தீனி வைக்காமல் அனுப்பக் கூடாது. சாமிக்குப் போகிறதை மெலியவிட்டு அனுப்பினால் அந்த வீட்டுக்கு ஆகாது. அப்பாவின் மனசு அந்த வழியில்தான் போயிற்று. விருந்தாளிக்கு நேர்ந்துவிட்ட மீன் அது. அதற்குத் தீனி வைக்க வேண்டும்.

அப்போது சர்ச்சிலிருந்து எல்லா வீட்டுக்கும் கோதுமை மாவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாமெல்லாம் மூன்று வேளையும் ரொட்டி தின்று நாக்கு செத்துப்போயிருந்தோம். அந்த மாவில் ஒரு பங்கை அப்பா வேகவைத்து உருண்டை பிடிக்க ஆரம்பித்தார்.

அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏனுங்க, புள்ளைக்கே பத்தலீங்க. நீங்க மீனுக்கு உருட்டிட்டு உக்காந்திருக்கறீங்களே."

"ஃபேக்டரி தொறந்தா புள்ளைக்கு அரிசிச் சோறே போடலாம். நீ அந்த உப்ப எடு."

"மீனுக்கு எதுக்குங்க உப்பு?"

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அவளும் உட்கார்ந்து உருட்டினாள். அவள் பிடித்த உருண்டைகள் அப்பாவுடையதைவிட ஒழுங்காக இருந்தன.

மாமா அந்த மாதம் வந்தபோது இதைப் பார்த்தார். அவர் சின்ன வயதில் பவானி ஆற்றில் புழுப் போட்டு மீன் பிடித்தவர்.

"மச்சான், வயிறு ரொம்புன மீனு தூண்டிலைக் கடிக்குமுங்களா?"

"கெடா தின்னுட்டுத்தானய்யா வெட்டுப்படுது" என்றார் அப்பா.

மாமா பஸ்ஸுக்குக் கிளம்பினார். அவர் எதைச் சொன்னாலும் அது திருப்பூருக்குக் கூட்டிப்போகிற தந்திரம் என்றுதான் எங்கள் வீட்டில் எடுத்துக்கொள்வார்கள். அது அவர் பேச்சுக்குக் கிடைத்த சாபம்.

அப்பா தினமும் மடுவின் கரையில் இருக்கிற தட்டைப் பாறையைக் கம்பால் மூன்று தட்டு தட்டி, உருண்டைகளை உதிர்த்துப் போட்டார். முதலில் எதுவும் வரவில்லை. கொஞ்ச நாளில் கீழே நிழல்கள் நகர்ந்தன. பிறகு தட்டினால் வர ஆரம்பித்தன. கடைசியில் அப்பா கரையில் நடந்து வருகிற சத்தத்துக்கே எல்லா மீனும் திரண்டு பாறைக்குக் கீழே வந்து மூக்கை நீட்டின. கோழிக்குஞ்சுகள் தோற்றுவிடும்.

விஷயம் பரவியதும் லயம் முழுக்க அங்கேதான். அந்த வருஷம் வசூல் ஆகாமல் மாரியம்மன் திருவிழாவே நடக்கவில்லை. மீனுக்குத் தீனி போடுவதுதான் நம் திருவிழா. வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாவு வந்தது. கசாப்புக் கடையிலிருந்து ஒருவர் கோழிக்குடல் கொண்டுவந்தார். ஒரு நாள் அப்பா என் கையில் உருண்டையைக் கொடுத்துத் தண்ணீருக்குள் விடச் சொன்னார். தண்ணீர் எலும்புவரை குளிர்ந்தது. ஒரு பெரிய டிரவுட், பக்கவாட்டில் கருப்புப் புள்ளியும் சிவப்புப் பட்டையும் போட்டது, வந்து என் விரலோடு சேர்த்துக் கவ்வியது. உள்ளே அரத்தைத் தொட்ட மாதிரி சொரசொரப்பு. நான் கத்தினேன். அப்பா சிரித்தார். சங்கு நின்ற பிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்காகவே அந்த மீன்களை எனக்குப் பிடித்திருந்தது.

மில்லுக்காரர் வந்த நாள் சனிக்கிழமை. மழை தள்ளிப்போனதால் ஆத்து ஈசல் இன்னும் வரவில்லை. அப்பா காலையிலேயே கடைசியாக ஒரு பெரிய தீனி போட்டுவிட்டார். விருந்து நாளில் எதையும் பசியோடு விடக்கூடாது அல்லவா?

ஜீப்பிலிருந்து இறங்கியவர் கட்டையான ஆள், தொப்பி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். நல்ல மனுஷர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா நீட்டிய டப்பாவைத் திறந்து பார்த்ததும் அவர் முகம் குழந்தை முகம் ஆயிற்று.

"அடடா. இவ்வளவு பெரிய மேஃப்ளையா? இதையெல்லாம் யாருங்க இப்பக் கட்டறாங்க?" என்று ஒன்றை எடுத்து நூலில் முடிந்தார்.

லயம் முழுக்கக் கவாத்து வெட்டாத செடிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பச்சைக்குள்ளே நம் கண்கள்தான் வெளியே தெரிந்திருக்கும். அவர் நூலைத் தலைக்கு மேல் சுழற்றினார். முதல் வீச்சில் பூச்சி பின்னால் போய்க் கிளார்க் ஐயாவின் மங்கி கேப்பைப் பிடித்துக்கொண்டது. ஐயா அசையாமல் நின்றார். அப்பா போய் முள்ளைக் கழற்றினார். புதருக்குள் எத்தனை பேர் வாயைப் பொத்திக்கொண்டோம் என்று நினைவிருக்கிறதா?

அடுத்த வீச்சு அழகாக விழுந்தது. பூச்சி தண்ணீர்மேல் இறக்கையை நிமிர்த்தி உட்கார்ந்து மெதுவாக மிதந்து வந்தது. நிஜம் போலவே இருந்தது. கீழே மீன்கள் தெளிவாகத் தெரிந்தன, கொழுத்து, அடியில் கல்லோடு கல்லாக. ஒன்றுகூட மேலே பார்க்கவில்லை. மறுபடி வீசினார். மறுபடி. பூச்சியை மாற்றினார், நின்ற இடத்தை மாற்றினார். மத்தியானம் தாண்டிவிட்டது. புதருக்குள் யாரோ ஒரு அக்கா மாரியம்மனுக்குக் காசு முடிந்துகொண்டாள்.

அப்பாவால் நிற்க முடியவில்லை. அவர் காலுக்கு அந்த வருஷம் நிற்கிற பழக்கமே போய்விட்டது. கம்பை ஊன்றியபடி கரையோரம் நடக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான். அடியில் கிடந்த அத்தனை மீனும் எழும்பி, அவர் நிழலோடு சேர்ந்து நடந்தன. அவர் திரும்பினால் அவையும் திரும்பின. மில்லுக்காரரின் பூச்சி அவற்றின் முதுகுக்கு மேலேயே மிதந்து போயிற்று. அவர் தூண்டிலைத் தாழ்த்திவிட்டு அப்பாவையே பார்த்தார்.

"ஏனுங்க, இதுகளுக்குத் தீனி போடறீங்களா?"

கிளார்க் ஐயா, "அவன் ஏதோ தெரியாம சார்" என்று ஆரம்பித்தார். அப்போது புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"தட்டுங்க மாமா, வரும்."

அது உங்களில் ஒருவர். யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அப்பா ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு பாறையைத் தட்டினார். மடு முழுக்க வாயாக மாறியது.

அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். எல்லாம் போயிற்று என்கிற முகம். அடுத்த நிமிஷம் மில்லுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். கேலியில்லை, நிஜமான சிரிப்பு. தூண்டிலைப் புல்லில் போட்டுவிட்டுப் பூட்ஸோடு பாறையில் மண்டியிட்டு, "ஒரு உருண்டை குடுங்க" என்று கை நீட்டினார். கையிலிருந்தே தின்னவைத்தார். கிளார்க் ஐயாவைப் பார்த்து, "இதை ஏனுங்க யாரும் போன்ல சொல்லலை?" என்று கேட்டார். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

திரும்பிப் போகும்போது ஃபேக்டரி வழியாகத்தான் போனார். கிளார்க் ஐயா சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கினார். ஜீப் நிற்கவில்லை. "இருட்டப் போகுதுல்ல, அதான்" என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். இருட்ட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் தோட்டத்தை வாங்கிவிட்டார் என்று செய்தி வந்தது. லயத்தில் பட்டாசு வெடித்தோம். ஏதோ ஒரு வீட்டில் கேசரி கிண்டினார்கள். அப்பாவை இரண்டு பேர் தோளில் தூக்கினார்கள். மீனுக்குத் தீனி போட்டு ஃபேக்டரியைத் திறந்தவர். அன்று ராத்திரி அவர் பரணைப் பார்த்து ஒரு தட்டு தட்டிவிட்டுத் தூங்கினார்.

மீதியை நீங்களே அறிவீர்கள். முதலில் வந்த லாரி டிரையரைக் கழற்றி ஏற்றிக்கொண்டு பழைய இரும்புக்குப் போயிற்று. துரை பங்களாவுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். செடிகளைப் பிடுங்கிப் புல்தரை போட்டார்கள். அது ரிசார்ட் ஆயிற்று, லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். நீங்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டு இறங்கினீர்கள். யாரும் அப்பாவைத் திட்டவில்லை. ஒரே ஒரு அத்தை மட்டும் பஸ் ஏறும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்: "நாங்க போட்ட மாவு வீணாப் போகல. உன் புருஷனுக்கு ஒரு வேலையாச்சு."

ஆமாம், அப்பாவுக்கு மட்டும் வேலை கிடைத்தது. நீல நிறச் சட்டை, தொப்பி. சாயங்காலம் நாலு மணிக்கு விருந்தாளிகள் மடுவைச் சுற்றி நிற்பார்கள். அப்பா பாறையைத் தட்டுவார், மீன்கள் வரும், அவர்கள் போட்டோ எடுப்பார்கள். லயத்தில் கடைசி வீட்டை எங்களுக்கு விட்டுவைத்தார்கள். அவர் ஆசைப்பட்டபடி பெட்டி பரணிலேயே இருந்தது. சுற்றிலும் பூட்டின கதவுகள். நான் யாரோடு ஒளிந்து விளையாடுவது? எனக்கு அப்பாமேல் கோபமாக இருந்தது, அதைச் சொல்லவும் முடியவில்லை. அவர் ராத்திரியில் வாசலில் நடப்பது நிற்கவே இல்லை.

அடுத்த மே மாதம், நல்ல மழை பெய்து வெயில் அடித்த ஒரு சாயங்காலம். அம்மாவும் நானும் விறகுக்குப் போய்விட்டுக் கரைவழியாக வந்தோம். தடுப்புக்கு மேலே தண்ணீர் மஞ்சளாகத் தெரிந்தது. ஆத்து ஈசல். வந்துகொண்டே இருந்தன, இறக்கையை நிமிர்த்தி உட்கார்ந்து, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு மடுவுக்குள் மிதந்தன. துரையின் தீபாவளி வந்துவிட்டது.

மடுவைச் சுற்றி விருந்தாளிகள் நின்றார்கள். அப்பா பாறைமேல் நின்றார், ஒரு கையில் உருண்டைக் கிண்ணம், ஒரு கையில் கம்பு. அவர் தட்டவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சிகள் மீன்களின் மூக்குக்கு மேலேயே போயின. தடுப்புக்குக் கீழே ஓட்டத்தில் இரண்டொரு பொடிக் குஞ்சுகள் எம்பிப் பிடித்தன. மடுவில் இருந்த பெரியவை எதுவும் அசையவில்லை. எல்லாம் பாறைப் பக்கம் தலையைத் திருப்பி, வரிசையாக, வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றன.

"எப்பங்க தட்டுவீங்க?" என்று விருந்தாளிகளில் ஒரு அம்மா கேட்டார்.

அப்பா தொப்பியில் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. அவர் என் அம்மாவைத் தேடிப் பார்த்தார்.

"பூச்சி வந்திருச்சு புள்ள. ஒரு வருசத்துக்கான தீனி தலைக்கு மேல போகுது. இதுக அதப் பாக்கல. என் கையத்தான் பாக்குது."

அம்மா விறகைக் கீழே வைத்தாள். "போடாம வந்துருங்க. ரெண்டு நாளைக்குப் போடாட்டித் தானாத் தேடுமுங்க."

"நான் இங்க இருந்தா போடாம இருக்க மாட்டேன்."

கிண்ணத்தில் இருந்ததைக் கரைப்புல்லில் கொட்டினார். எப்போது தட்டுவீர்கள் என்று கேட்ட அந்த விருந்தாளி அம்மாவின் கையிலேயே கம்பைக் கொடுத்துவிட்டு நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

வீட்டுக்கு வந்ததும் கட்டில்மேல் ஏறிப் பெட்டியை இறக்கினார். தூசி பறந்து மூன்று பேரும் தும்மினோம். உள்ளே காலியாக, துருவும் பழைய கப்பலும் சேர்ந்த ஒரு வாசனை. அப்பா முதலில் அந்த டப்பாவைத்தான் உள்ளே வைத்தார். திருப்பூரில் மூன்றாவது வாடகை வீடு மாறும்போது அது தொலைந்தது. அன்று அது பெட்டியின் மூலையில் இருந்தது.

அம்மா வாசற்படியில் நின்றாள். எத்தனை மாதமாக அவள் காத்திருந்த நேரம் அது, ஆனால் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

"ஏனுங்க, நெசமாத்தானுங்களா?"

அப்பா தாத்தாவின் பெயரைச் சட்டைக்கையால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உன் தம்பிக்கு ஒரு போனப் போடு" என்றார்.